வடகரை எலிகளும் என் ராஜினாமாவும்

காளவாசல்,
வியாழக்கிழமை காலை.

திருமங்கலத்திலிருக்கும் அன்பு மைத்துனன் இம்மானுவேலுக்கு அத்தான் ஞானமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் ஒருவன் மட்டும் சுகம். அங்கே நீயும், உன் மனைவி ஆன்சியும், நான்கு நாளாக உங்களோடு தங்கியிருக்கும் உன் அக்காள் தங்கமும் பூரண சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் தங்கம் பெயரை எடுத்ததும் எனக்குத் தொண்டை அடைக்கிறது, நீயும் உடனே, "என்னத்தான், டவர் இல்லையா?" என்று கேட்கிறாய். ஆகவே கடிதம்.

வீட்டில் எலித் தொல்லை தாங்காமல் வந்துவிட்டதாக அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அது உண்மை. அந்த எலி எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றபின் நான் வீட்டிலிருந்துகொண்டு சட்னியின் உப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவந்தேன் அல்லவா? தங்கம்தான், "எங்கிட்டாவது போயி நாலு பேருக்கு உபயோகமா இருங்க" என்றாள். அப்போதுதான் நாகஜோதியின் குழுவில் சேர்ந்தேன். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பெண். ஊருக்கு மேற்கே நல்லாங்குளம் கண்மாயில், வெறுந்தரையில் நாலு கூழாங்கல்லைக் கூட்டிவைத்து முட்டையிடும் ஆக்காட்டிக் குருவிகளைக் காப்பாற்ற ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதிதாக வந்த கல்யாண மண்டபத்தார் எச்சில் இலையைக் கரையில் கொட்டக் கொட்ட, எலி பெருகி முட்டைகளைத் தின்றுவிட, ஒன்றுகூடப் பொரிக்கவில்லையாம். விஷம் வைக்கக் கூடாது, செத்த எலியைத் தின்று ஆந்தையும் செத்துப்போகும், கூண்டு மட்டும்தான் என்றாள். எனக்கு வடகரையை ஒதுக்கினாள். தென்கரை, அங்கேயே நிலம் வைத்திருக்கும் விருமாண்டிக்கு.

முதல் நாள் கூண்டில் மசால்வடை வைத்தேன். என் சுண்டுவிரல் மாட்டியது. இரண்டாம் நாள் நெத்திலிக் கருவாடு வைத்தேன். விருமாண்டி வீட்டுப் பூனைக்குட்டி மாட்டியது. அதை வெளியே எடுக்கப்போய் மிச்சமிருந்த விரல்களும் கிழிந்தன. விருமாண்டி, "சார், எலியத் தவிர அம்புட்டையும் பிடிச்சிட்டீக" என்றார். மூன்றாம் நாள் எலியே விழுந்தது. அதை என்ன செய்ய என்று விருமாண்டியிடம் கேட்டேன். "கூண்டோட தண்ணிக்குள்ள அமுக்குங்க. ரெண்டே நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் தென்கரைக்குப் போய்விட்டார்.

மாப்ள, நான் அமுக்கவில்லை. தண்ணீர்வரை கொண்டுபோனேன். அது இரண்டு முன்னங்காலாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கரையின் கோடிக்குப் போய்த் திறந்துவிட்டேன். குழுவின் நோட்டில் 'கொல்லப்பட்டது: ஒன்று' என்று எழுதினேன். முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேட்டில் ஒரு பொய் எழுதாத கை அது.

மறுநாள் காலையில் அந்தக் கோடியிலிருந்த கூட்டில் முட்டை இல்லை. ஓட்டுச் சில்லுகள் கிடந்தன, விளிம்பில் பல் பட்ட தடத்தோடு. தாய்க்குருவி என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஆள் வந்தால் காட்டிக்கொடுக்கும் என்றுதான் அதற்கு அந்தப் பெயர். அன்று அது காட்டிக்கொடுத்த ஆள் நான்தான். முட்டையிருந்த குழியில் போய் உட்கார்ந்து பார்த்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. நான் வரப்பில் குத்துக்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகாவது புத்தி வந்ததா என்றால், பாதிதான் வந்தது. கரையில் விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். கொல்ல மட்டும் கை வரவில்லை. ஆகவே பிடிபட்ட எலிகளைக் கூண்டோடு துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் காளவாசலுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். கண்டக்டர் ஒருநாள், "பையில என்ன சார் கீச்சுங்குது?" என்று கேட்க, நான் புறா என்று சொல்ல, பின் சீட்டிலிருந்த பெரியவர் அது ஆணா பெண்ணா, ஜோடி கிடைக்குமா, கொஞ்சம் காட்டுங்க என்று எழுந்துவந்துவிட, நான் இரண்டு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி வெயிலில் நடந்தேன். இப்படிப் பதினொரு எலிகள். எல்லாவற்றையும் நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள காலி மனையில் விட்டேன். அங்கே அவை எதையாவது தின்று கௌரவமாகப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அவை நம் வீட்டைத் தேர்ந்தெடுத்தன. சபைப் பாடகர் குழுவுக்காகத் தங்கம் இருபது வருடமாகக் கைப்பட எழுதிவந்த பாட்டு நோட்டு உனக்குத் தெரியும். போன ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும்போது பெட்டியைத் திறந்தாள். அட்டை இருந்தது. உள்ளே பஞ்சு மாதிரி தாள்துகள். அதிலிருந்து பாதி வால் அறுந்த எலியொன்று குதித்து ஓடியது. பாதி வாலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். எட்டாவதாக நானே கொண்டுவந்தது. தங்கம் அந்தத் துகளைக் கையில் அள்ளிக்கொண்டு, "எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள். நான், "பக்கத்து வீட்டுச் சரண்யாதேவி குப்பை வாளியை மூடுறதே இல்லையே" என்றேன். அவள் துகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். மத்தியானம் திருமங்கலம் பஸ் ஏறிவிட்டாள்.

நேற்று நாகஜோதியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "உங்கள நம்பித்தானே சார் அந்தக் கரைப் பக்கமே நான் போகல" என்றாள். அங்கேயே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எலிப் பக்கமோ குருவிப் பக்கமோ போகமாட்டேன். இதையெல்லாம் நீ நல்ல நேரம் பார்த்து, அவள் சாப்பிட்டு முடித்தபிறகு, மெதுவாக எடுத்துச்சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். எனக்கு அவளிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

உன் வீட்டாரை ஆண்டவர் சகல தீங்குக்கும், விசேஷமாக எலிகளுக்கும், விலக்கிக் காப்பாராக. ஆன்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்,
ஞானமுத்து.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உன் அக்காளே வாசலில் வந்து நின்றாள். உன்னிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். கடிதத்தை வாங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தாள்.

"நீங்க கூண்டத் திறந்துவிட்டத மாடியில துணி காயப்போடுறப்பவே பாத்துட்டேன்" என்றாள். "நோட்டு போனதுக்கா நான் போனேன்? பாவம், அந்தச் சரண்யாதேவி மேல பழியப் போட்டீங்களே. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு நாலு நாளாப் பாத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, "வடகரையில இன்னும் முட்டை இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு கூட்டுல மட்டும் நாலு."

"அப்ப ராஜினாமா எதுக்கு? திருப்பி வாங்குங்க. நாளைக்கு நானும் வாரேன்."

இன்று வெள்ளிக்கிழமை. நேற்றே ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக் கூண்டை வைத்துவிட்டேன்; விடிந்ததும் இருவரும் வடகரைக்குப் போனோம். கூண்டில் பெரிய எலி ஒன்று இருந்தது. தங்கம் அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். நான் திரும்பவில்லை. இறங்கிப்போய்க் கூண்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் என்பது மிக நீளம், மாப்ள. பிறகு அந்தக் கூட்டைப் போய்ப் பார்த்தோம்.

முட்டை நாலும் இருக்கிறது.