மாப்பிள்ளை முகத்துக்கு மூணு ஆப்

"மூக்கு எங்கண்ணா போச்சு?" என்றாள் சரண்யா.

சரவணகுமார் செல்லைப் பிடுங்கி, வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தான். படத்தில் அவன் முகம் உரித்த முட்டை மாதிரி பளபளத்தது. கண் இருந்தது. மீசை இருந்தது. நடுவில் இருக்க வேண்டியதைக் காணோம்.

"நீ ஏன் அதைக் கடைசி வரைக்கும் இழுத்த?"

"நீதானே இன்னும் வெள்ளையாக்கு, இன்னும் வெள்ளையாக்குன்ன? நாலரை ஸ்டார் ஆப்புன்னு பெருமை வேற."

"ஸ்டார் போட்டவனெல்லாம் ஏற்கெனவே வெள்ளையா இருந்திருப்பான். அழி அதை."

மரக்காணத்தில் அவன் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளம் அது. காலையில் வாரிக் குவித்த உப்பு, பக்கத்திலேயே அம்பாரமாக மின்னிக்கொண்டிருந்தது. நிழல் என்று சொல்ல, அண்ணன் தங்கை இருவருடைய நிழல் மட்டும்தான்.

காலையில் தரகு அஞ்சம்மாள் போன் செய்திருந்தாள். பெரிய முதலியார்சாவடியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குழந்தைசாமி வீட்டில் பையனின் போட்டோ கேட்கிறார்களாம். சும்மா போட்டோ இல்லை. உப்பளத்தில், குவியல் பக்கத்தில் நின்று எடுத்ததுதான் வேண்டுமாம். இன்றைக்கே வேண்டுமாம்.

"சூட்சுமம் புரியுதா உனக்கு? வெள்ளை வெளேர்னு இருக்கிற உப்பு பக்கத்துல நிக்க வச்சு என் கலரைப் பாக்கறாங்க" என்று அப்போதே சரவணகுமார் கண்டுபிடித்துவிட்டான்.

ஏற்கெனவே இரண்டு இடம் 'பையன் நிறம் கம்மி' என்று தட்டிப் போயிருந்தது. அவற்றை அவன் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டான். இது அப்படியில்லை. இது குழந்தைசாமி மகள் கீதாஞ்சலி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அனுமந்தையில் ஒரு கல்யாணம். பந்தியில் உப்பு வைத்துக்கொண்டு வந்தான். தோழிகளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவள், செல்லை இறக்காமலே, "கொஞ்சம் உப்பு" என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தபடி வைத்துக்கொண்டே இருந்தான். "இலையில பாத்தி கட்டப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாட்டில் உப்பைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய தொந்தரவு.

"உப்புக்கு முன்னாடி நின்னா எவனா இருந்தாலும் செல்லு கருப்பாத்தான் எடுக்கும்ணா. அப்படியே அனுப்பிடு. நீ என்ன அவ்ளோ மோசமாவா இருக்க?"

"அவ்ளோவா?"

"சரி, வேற ஆப் போடறேன்."

இரண்டாவது ஆப் இறங்குவதற்குள் ரம்மி விளம்பரம் ஒன்றும், முடி வளரும் எண்ணெய் விளம்பரம் ஒன்றும் வந்து போயின. இந்த ஆப் முகத்தைத் தொடாதாம். பின்னால் இருப்பதை மங்கலாக்கிவிட்டால், முன்னால் இருப்பது தானாகவே எடுப்பாகிவிடுமாம்.

சரண்யா மங்கலாக்கினாள். முகம் நிஜமாகவே எழும்பி வந்தது. மூக்கும் இருந்தது.

"ண்ணா, உப்பு செங்கல் சூளை சாம்பல் மாதிரி ஆயிடுச்சே."

"உப்பை யாரு பாக்கப் போறா? மாப்பிள்ளை மூஞ்சியத்தானே பாப்பாங்க. அனுப்பு."

அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. அதன் பிறகு ஒன்றுமே விழவில்லை. சரவணகுமார் வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். பாத்தியில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய மடையைத் திறந்தான், உடனே மூடினான். செல்லில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தான். எல்லாம் இருந்தது.

அஞ்சம்மாள் கூப்பிட்டாள். "ஏம்பா சரவணா, குழந்தைசாமிக்குத் திருப்தியில்லியாம். போட்டோவப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கறாராம். வேற இருந்தா அனுப்பு."

"பாத்தியா!" என்று தங்கை மேல் பாய்ந்தான். "இன்னும் பளிச்சுன்னு வேணும்னேனே!"

மூன்றாவது ஆப்பை அவனே தேர்ந்தெடுத்தான். எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். அழுத்தினான். முகம் சினிமாக்காரன் முகம் போல ஆனது. கைலி கோட்டு சூட்டானது. உப்புக் குவியல் இருந்த இடத்தில் ரோஜாத் தோட்டம் பூத்து, அதில் ஒரு மயில் வேறு நின்றது.

"மயிலை எடுத்துடலாம்ணா."

"எடுக்கறதுக்குக் காசு கேக்குது. இருந்துட்டுப் போவட்டும், லட்சணமாத்தானே இருக்குது."

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. "டேய், என்னாடா பண்ண?" அஞ்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "குழந்தைசாமி குதிக்கிறாரு. ஏமாத்து வேலையான்னு கேக்கறாரு. குடும்பத்தோட கார் எடுத்துட்டாங்க. நேரா உப்பளத்துக்கே வர்றாங்க!"

சரவணகுமார் வீட்டுக்கு ஓடிப்போய் முகம் கழுவி, பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான். வியர்வையில் பவுடர் கரைந்து, கன்னத்தில் வரிவரியாக இறங்கியது.

"இதுக்கு அந்த மூக்கு இல்லாததே தேவலாம்" என்றாள் சரண்யா.

கார் வந்து நின்றது. முதலில் குழந்தைசாமி இறங்கினார். பின்னால் அவர் மனைவி ஞானாம்பாள். கடைசியாக கீதாஞ்சலி, செல்லை மார்போடு அணைத்துக்கொண்டு.

"வாங்கய்யா" என்று கும்பிட்டான்.

குழந்தைசாமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி வரப்பில் விறுவிறுவென்று நடந்தார். முடிந்தது என்று நினைத்தான் சரவணகுமார். முகத்தைப் பார்க்கவே பிடிக்காத அளவுக்குப் போய்விட்டது. கீதாஞ்சலி அவன் கன்னத்தைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை இனி பார்க்க முடியாதே என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குவியலருகே குனிந்த குழந்தைசாமி, ஒரு பிடி உப்பை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். ஒரு கல்லை நாக்கில் வைத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

"ஏம்பா, கருவாட்டுக்கு ஏத்த இவ்ளோ நல்ல உப்பை வச்சுக்கிட்டு, எதுக்குப்பா சாம்பலையும் ரோஜாப்பூவையும் அனுப்பின?"

"மூஞ்சி கொஞ்சம் எடுப்பா தெரியட்டும்னு..." என்று முனகினான் சரவணகுமார்.

ஞானாம்பாள் மகளின் கையிலிருந்த செல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உன் மூஞ்சிய யாருப்பா கேட்டா? அதுதான் அனுமந்தைக் கல்யாணத்துலேர்ந்து இவ செல்லு பூரா ரொம்பிக் கெடக்குதே!"