சைரன் அண்ணாச்சியின் சத்தமில்லாத கீதம்

நெய்வேலியில் அந்தக் காலத்தில் இரண்டு சைரன்கள் இருந்தன. ஒன்று ஷிப்ட் மாறும்போது ஊதும். இன்னொன்றுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்; சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டிக்கொண்டிருந்தது. 'சைரன் அண்ணாச்சி' என்போம். பெல்ட் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவர் குரல் அப்படி ஆகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் அடுத்த பிளாக்கிலிருந்து பதில் வரும்.

டிசம்பர் பிறந்தால் அவரைப் பிடிக்க முடியாது. ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கீதத்தை ராத்திரியில் பாடும். அண்ணாச்சி மட்டும் மத்தியானம் மூன்று மணிக்குப் பாடுவார். முதல் ஷிப்ட் முடித்து, குளித்து, ஹார்மோனியத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"பெரியாளுக எட்டு மணிக்கெல்லாம் படுத்துருவாவ. எழுப்பிப் பாடுனா நம்மளத்தான் வைவாவ வே!"

ஜால்ரா அடிக்க என்னை இழுத்துப் போவார். நெற்றியில் விபூதியோடு நான் தட்டுவதைப் பார்த்து, "ஆபீஸ்ல பழகுன கைதானே" என்று நண்பர்கள் சிரிப்பார்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் போவோம். எந்த மதம் என்று அவர் கேட்கமாட்டார். பையனுக்கு வேலை பர்மனென்ட் ஆனதும் ஊரிலிருந்து கூட்டிவந்து குவார்ட்டர்ஸில் உட்காரவைத்த அப்பா அம்மாக்கள் அவர்கள். மத்தியானங்களில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழைய ராகத்தில், அவர்கள் கூடப் பாடக்கூடிய வேகத்தில்தான் அண்ணாச்சி பாடுவார். ஒரு பெரியவர் நடுவில் மூச்சு வாங்கினால் பாட்டும் நிற்கும். ஒருவர் பல் செட்டைத் தேடி எடுத்து மாட்டும்வரை முதல் அடியிலேயே காத்திருந்தோம்.

இத்தனை பேரைப் பாடவைத்தவருக்கு ஒருவரைப் பாடவைக்க முடியவில்லை. அவருடைய அம்மா. ஊர் சர்ச்சில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கீதத்தின் முதல் அடியை எடுத்துக்கொடுத்தவர், நெய்வேலிக்கு வந்தபின் பாட்டுக்கு வாயே திறக்கவில்லை. "எங்க ஊருப் பாட்டு இங்க எதுக்குல?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் கடைசி வீடு எப்போதும் அதுதான். தொண்டை கிழியப் பாடி முடித்துவிட்டு, "அடுத்த வருசம் அம்மை பாடிருவா வே" என்பார் அண்ணாச்சி. எனக்குப் பாவமாக இருக்கும்.

மத்தியானப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கும் நேரம் அது. ஒருமுறை கம்மாபுரத்துக்காரர் ஒருவர் லுங்கியோடு பாய்ந்து வந்தார்.

"யோவ், விடிய விடிய மைன்ஸ்ல நின்னுட்டு வந்து தூங்கிகினு இருக்கேன். உனுக்கு மனசாட்சியே இல்லியா?"

அன்றிலிருந்து அண்ணாச்சியின் பாட்டுப் புத்தகத்தில் ஷிப்ட் சார்ட் ஏறியது. நைட் ஷிப்ட்காரர் தூங்கும் வீட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகப் பாடுவதென்று முடிவு. மெதுவாகப் பாட அவருக்கு வரவில்லை. அதனால் வாயை மட்டும் அசைப்பார். நான் ஜால்ராவை ஒன்றோடொன்று படாமல் தட்டுவேன்.

அடுத்த வருடம் அந்தக் கம்மாபுரத்துக்காரரே அண்ணாச்சிக்குப் பக்கத்து வீட்டில் குடிவந்துவிட்டார். கிறிஸ்துமஸ் வாரத்தில் அவருக்கு நைட் ஷிப்ட் வேறு. கடைசி வீட்டில், அம்மாவுக்கு எதிரே நின்று, அண்ணாச்சி வெறும் வாயை அசைத்தார். அம்மா உற்றுப் பார்த்தார்.

"ஏல, சத்தத்தக் காணோம்? பாட்டு மறந்துபோச்சா?"

அண்ணாச்சி பக்கத்துச் சுவரைக் கை காட்டினார். அம்மாவுக்கு விளங்கவில்லை.

"நான் சொல்லிக்குடுத்த பாட்ட மறந்துட்டியே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு, முதல் அடியை எடுத்துக்கொடுத்தார். மகன் மறந்தவர் போலவே நின்றார். இரண்டாம் அடியையும் அம்மாவே பாடினார். அண்ணாச்சியின் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. அதே லுங்கி. நான் ஜால்ராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். வந்தவர் அந்த அம்மாளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியைப் பார்த்தார்.

"பாடட்டும்ங்க. நான் அப்பால தூங்கிக்கிறேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ரிட்டயர் ஆனதும் அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். நானும் இப்போது சென்னையில் மகன் வீட்டில், ரோட்டைப் பார்க்கும் கட்சியில் சேர்ந்துவிட்டேன். டிசம்பர் வந்தால் மூன்று மணிக்குக் காது தானாக வாசலுக்குப் போகிறது. மனசு ஏங்கத்தான் செய்கிறது, சொல்வதற்கென்ன?

வாங்க அண்ணாச்சி. அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டேன், யாருக்கும் நைட் ஷிப்ட் இல்லை. சத்தமாகவே பாடலாம்.