கவுளி சொல்லாத சம்பந்தம்

நான்காம் வெள்ளிக்கிழமை கவுளி வாயையே திறக்கவில்லை.

சென்றாயன் அம்மன் கோயில் தூணருகே முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் பெண் கேட்கப் போவதென்றால் சன்னதியில் பல்லி வலப்புறமிருந்து சொல்ல வேண்டும். பல்லி என்றுகூடச் சொல்லமாட்டார்கள், மரியாதையாகக் கவுளி. மூன்று தலைமுறையாக அது சொல்லாமல் எந்த மருமகளும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

மகன் குழந்தைவேலுக்கு மோகனூர் வசந்தாமணியைக் கேட்க வேண்டும். முதல் வாரம் கவுளி இடப்புறம் சொல்லிவிட்டது. அம்மனுக்கு ஏதோ மனக்குறை என்று கோயில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். நெடி தாங்காமல், இருந்த கவுளிகளும் ஓடிப்போயின. பூச்சி வந்தால் கவுளி வரும் என்று பத்து விளக்குகளை ஏற்றி வைத்தார். வந்தது, வலப்புறமே சொன்னது. அதே நொடியில் விளக்குப் புகை மூக்கில் ஏறி, இவரே தும்மித் தொலைத்தார்.

"ஏனுங்க, உங்க தும்மலையெல்லாம் அம்மன் கணக்குல வெக்கமாட்டாங்க" என்றாள் மனைவி பழனியம்மாள். "பையனுக்கு இருவத்தாறு ஆச்சு. நம்ம மனசுக்குப் புடிச்சிருக்குது. போயிக் கேட்டுப்போடலாமுங்க."

"கவுளி சொல்லாம போறதுக்கு நான் என்ன பொன்னனா?"

பொன்னன் அவருடைய பங்காளி. அந்தப் பெயரை எடுத்தாலே சென்றாயனுக்கு வயிறு எரியும். நாள் பார்க்காமல் கிணறு வெட்டினான், பதினைந்தடியில் தண்ணீர். தேய்பிறையில் கரும்பு நட்டான். ஆள் மறையும் உயரம். அஷ்டமியன்று பிடித்து வந்த மாடு இரட்டைக் கன்று போட்டது. நல்ல ஓரையில் சென்றாயன் வாங்கிய மாடு அவரையே உதைத்தது. பொன்னனுக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான்.

ஐந்தாம் வெள்ளியன்று பூசாரி மெல்லக் கேட்டார்.

"உங்க பங்காளி வண்டி நெறையப் பூவும் பழமுமா மோகனூரு போறாருங்களே, பொண்ணு காரியமுங்களா?"

"எந்த ஊட்டுக்கு?"

"ஆத்தோரத்துல, தென்னந்தோப்பு ஊடுன்னாருங்க."

அது வசந்தாமணியின் வீடு.

சென்றாயன் எழுந்து நடந்தார். எண்ணெய்க் குடத்தோடு ஒருவர் எதிரே வந்தார். பூனை குறுக்கே ஓடியது. புறப்படுகிறவரிடம் கேட்கக் கூடாத "எங்க போறீங்க?" என்பதையும் எவனோ கேட்டான். எதற்கும் அவர் நிற்கவில்லை. நாலு மைல் வெயிலைவிட, பொன்னன் வீட்டில் அந்தப் பெண் விளக்கேற்றப் போகிறாள் என்ற நினைப்புதான் அதிகம் சுட்டது.

கூடத்தில் பொன்னன் ஜமுக்காளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தான். வேட்டி மடிப்புகூடக் கலையவில்லை.

"வாங்கண்ணா" என்று எழுந்தான்.

"பேசாத. கெணத்துல முந்திக்கிட்ட, கரும்புல முந்திக்கிட்ட. இதுல உடமாட்டேன்." சென்றாயன் வீட்டாரைப் பார்த்துத் திரும்பினார். "உங்க புள்ளை எங்கூட்டு மருமக. கவுளி சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, நான் கேக்க வந்துட்டேன். இப்பவே வெத்தலை மாத்தோணும்."

பொன்னன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ஜமுக்காளத்தில் சற்று நகர்ந்து இடம்விட்டான். அதுவும் சென்றாயனுக்குப் பொறுக்கவில்லை.

பெண்ணின் தாய் வள்ளியாத்தாள் மோர்ச் செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, அப்பன் எடத்துல பங்காளி உக்காரலாமுன்னு உங்க ஊட்டம்மாதான் பொன்னண்ணனை அனுப்பி வெச்சாங்க, உங்க பையனுக்கு வெத்தலை மாத்தி அரை நாழியாச்சுங்க."