ஒரு எச்.பி. போர்க்கப்பல்

எங்கள் ஊரில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வுதான்: இன்னும் பெரிய மோட்டார். கிணற்றில் தண்ணீர் இறங்கினாலும் சரி, மாவு நைசாக அரைபடாவிட்டாலும் சரி. பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் நான் இந்தத் தத்துவத்தைத் தங்கச்சியின் கல்யாண வரவேற்பு வரைக்கும் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை ஜெரால்டுக்குக் கடற்படையில் வேலை. எனக்கோ போர்க்கப்பல் பைத்தியம். (கடலையே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், வேளாங்கண்ணியில். அதுவும் கால் நனைத்ததோடு சரி.) கல்யாணம் முடிந்ததும் விசாகப்பட்டினத்தில் தன் கப்பலுக்குள்ளேயே கூட்டிப்போய்க் காட்டுவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நன்றிக்குத்தான் சர்ச் ஹால் வாசலில் ஒரு போர்க்கப்பல் கட்டினேன். பிளைவுட், தெர்மாகோல், சாம்பல் நிற பெயின்ட். வருகிறவர்களுக்குச் செம்பில் பன்னீர் தெளிப்பதற்குப் பதிலாகக் கப்பலின் பீரங்கி தெளிக்கும். குழல், பி.வி.சி. பைப். முனையில் குளியலறை ஷவர். உள்ளே பன்னீர் கலந்த தண்ணீர் டிரம். ஒரு சுவிட்ச் பம்பை ஓட்டும். இன்னொன்று, பழைய கிரைண்டர் மோட்டாரால் பீரங்கியைச் சுழற்றும்.

மாப்பிள்ளை சுற்றிவந்து பார்த்தார். "நல்லாருக்குதுங்க மச்சான். ஆனா நம்முளுது கொர்வெட்டுங்க. இது டிஸ்ட்ராயராட்டம் இருக்குது."

(போர்க்கப்பல்களில் கொர்வெட் கடைக்குட்டி, ஃபிரிகேட் அண்ணன், டிஸ்ட்ராயர் பெரியப்பா.)

"தெரிஞ்சுதானுங்க மாப்ள கட்டுனேன். நாலு சொந்தபந்தம் பாக்கற எடத்துல கடைக்குட்டியையா நிறுத்தறது?"

தங்கச்சி ஸ்டெல்லாவின் கவலை வேறு. "இவரோட கப்பல் கேப்டன் லீவுல பாலக்காட்டுல இருக்காரு, அங்கிருந்து வாராருங்ணா. லீவ ஒரு வாரம் நீட்டச் சொல்லி நேர்ல கேக்கப் போறோம். குடுக்கலீன்னா ஞாயித்துக்கெழமையே இவரு கப்பலேறோணும். அப்புறம் எப்பப் பாக்கறதோ. ஏடாகூடமா ஒண்ணும் பண்ணிப்போடாதீங்ணா."

"நீ கம்முனு இரு கண்ணு. நான் பாத்துக்கறேன்."

பட்டறையில் அரை எச்.பி. மோட்டாரை மாட்டிச் சோதித்தபோது பூந்தூறலாகத்தான் விழுந்தது. அதுதான் என்னை உறுத்தியது. டிஸ்ட்ராயர் கட்டிவிட்டு ஒழுகுகிற குழாய் மாதிரி சொட்டவிட்டால் என்ன மரியாதை? வரவேற்பன்று மத்தியானம் ஒரு எச்.பி. மோட்டாராக மாற்றினேன். சோதிக்கவில்லை. நம் பட்டறைச் சரக்காயிற்றே.

கேப்டன் வெள்ளைச் சீருடையில், நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு வந்தார். பம்ப் சுவிட்சைப் போட்டேன். முதலில் ஷவர் கழன்று பறந்து சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது. பின்னாலேயே பன்னீர் மொத்தமாகக் கிளம்பிவந்து அவரை அடித்தது. தொப்பி போய்விட்டது. மனிதர் அசையவில்லை, விறைப்பாகவே நின்றார். பதறிப்போய் நிறுத்தப் பாய்ந்த நான், தட்டியது இன்னொரு சுவிட்சை. பீரங்கி நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றியது. சம்பந்தி வீட்டாரில் ஒருவரையும் விடாமல், என்னையும் சேர்த்து நனைத்துவிட்டு, மறுபடியும் கேப்டனிடமே வந்தது. டிரம் காலியான பிறகுதான் ஓய்ந்தது.

ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உயிரே போய்விட்டது.

கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பன்னீரா?"

"ஆமாங்க சார். ஒரிஜினலுங்க."

"மோட்டார்?"

"ஒரு எச்.பி.ங்க சார். நம்ம பட்டறைதானுங்க." (அந்த நேரத்திலும் வியாபாரம்.)

அவர் தலையாட்டிவிட்டு, அழுகிற ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "ஜெரால்டு, லீவு ஒரு வாரம் இல்ல, ரெண்டு வாரம் எடுத்துக்கோ. ஒரே கண்டிஷன். இந்த மச்சான் நம்ம கப்பல் பக்கம் வரக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை சட்டென்று சல்யூட் அடித்தார். யோசித்த மாதிரியே தெரியவில்லை.

அந்தக் கேப்டன் மாற்றலாகிப் போய்விட்டார். கண்டிஷன் மட்டும் அப்படியே இருக்கிறது, மாப்பிள்ளை வாக்குத் தவறாதவர். (எனக்குக் கொடுத்த வாக்கு கணக்கில் வராது போல.) வீட்டில் நான் எதில் கை வைத்தாலும், டீ போடப் போனால்கூட, "எத்தன எச்.பி.ங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன தடவை நான் விசாகப்பட்டினம் போயிருந்தபோது, குடும்பத்தாரைக் கப்பலுக்குள் விடும் நாள் வந்தது. ஸ்டெல்லாவின் மகள் புதுக் கவுன் போட்டுக்கொண்டு என் விரலைப் பிடித்து இழுத்தாள். "மாமா, நீங்க வரலீங்களா?"

"மாமா வர முடியாது அம்மணி. அவரு ஒரு எச்.பி." என்றாள் ஸ்டெல்லா.

குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது.

"அரை எச்.பி. ஆனதுக்கப்புறம் வாங்க மாமா" என்று கையாட்டிவிட்டு, அப்பாவோடு கப்பல் பார்க்கப் போய்விட்டது.