கோரை பிடுங்கி வீட்டைக் காப்பாற்றிய விதம்

எங்கள் வீட்டுப் பக்கம் யாராவது அளவு நாடாவோடு நடந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஏரிக்கரையை ஒட்டின வீடு, பட்டா கிடையாது. (வீட்டு வரி ரசீது உண்டு. லேமினேஷன் பண்ணி வைத்திருக்கிறேன்.)

பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கேரியரைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுப்பது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், யார் நோட்டில் எழுதினாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிப் பெண் ஒருத்தி எங்கள் கொல்லைக்குப் பின்னால் நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அளக்குற?"

"செடி எண்றேன்ண்ணா. அல்லி மிதக்கும் தாவரம். வேலம்பாசி மூழ்கு தாவரம். சம்பு, கோரையெல்லாம் வேர் தண்ணியில, தலை மேல. இதுங்க நிக்கிற வரைக்கும் ஈரநிலம்னு குறிச்சுக்குவோம்."

"எதுவரைக்கும் நிக்குது?"

சாதாரணமாகக் கை காட்டினாள். கோரை என் சமையல்கட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது!

ஐப்பசி மழை பெய்து விட்டதும் மறுபடி வருகிறேன் என்று சிரித்துவிட்டுப் போனாள். (அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிபடவில்லை. செடி எண்ணவா ஒருத்தி பஸ் ஏறி வருவாள்?)

"ஏங்க, அது படிக்கிற புள்ள. வூட்டையா தூக்கிட்டுப் போவப்போவுது?" என்றாள் என் மனைவி செல்வி.

"நீ சும்மா இரு. கோரை இருந்தாத்தான ஈரநிலம்?"

இரண்டு நாள் லீவு போட்டு, கரையிலிருந்த கோரையை வேரோடு பிடுங்கினேன். அதோடு விட்டேனா? ரயில்வே லைன் ஓரத்திலிருந்து எருக்கஞ்செடி பெயர்த்து வந்து வரிசையாக நட்டேன். இனி எந்த அதிகாரி வந்தாலும் பாலைவனம் என்றுதான் எழுதியாக வேண்டும்.

ஐப்பசி மழை ஒரே நாள்தான் பெய்தது. கரை மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே கோரை வேர்தான் என்பது, கரை சரிந்து, சுவர் விழுந்து, ஏரி சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது விளங்கியது. முதலில் உள்ளே வந்தது என் எருக்கு.

சொன்னபடி அந்தப் பெண் வந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அய்யோ அண்ணா! இது என் படிப்புக்கு. மார்க்கு போடுவாங்க, அவ்ளோதான்."

"எழுதிக்கம்மா," என்றாள் செல்வி. "அடுப்பு மூழ்கிடுச்சி. காலி சிலிண்டர் மிதக்குது. இவரு வேரு தண்ணியில, தலை மேல."

பழைய இடத்தில் அஸ்திவாரம் நிற்கவில்லை. சுவரை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினோம். இன்றுவரை எங்கள் இடத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், செல்வி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்:

"எங்க வூட்டுக்காரரு. கவர்மெண்டு கேக்காமலே ஏரிக்கு மூணடி எடம் குடுத்தவரு."