பெருமாட்டியுடன் ஓர் அலையன்ஸ்

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறவனுக்குத் தான் மெதுவாகத்தான் பேசுகிறோம் என்றே தோன்றும். அப்படி இல்லை என்று நான் தெரிந்துகொண்ட நாளில் என் அக்காவின் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோனது.

அப்போது நான் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வடகரப்பதியில் வீட்டோடு இருந்த காலம் அது. ஆள்வதற்கு நிறைய நேரம் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் சண்டையைவிட சமாதானப் பேச்சுதான் அதிகம். ஒவ்வொரு நாட்டுக்கும் நம்மேல் எவ்வளவு பிரியம், எவ்வளவு கடுப்பு என்பதை ஒரு எண் காட்டும். பச்சை எண் என்றால் நண்பன். சிவப்பு என்றால் படை வரப்போகிறது. ஒருவனுக்குக் கை கொடுத்தால் அவனுடைய பகையாளியிடம் நம் எண் இறங்கிவிடும். எந்த நாட்டுக்கு எந்த நாடு ஆகாது, ஏன் ஆகாது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (அம்மாவும் பெரியம்மாவும் வெகுநாளாகப் பேசிக்கொள்வதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது.)

அந்த நாடுகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. மாற்றிக்கொள்ள வசதி இருந்ததால் நானும் முருகேசனும் எங்கள் ஊர், பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டோம். முருகேசன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். காந்தலூரில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம். அவன் நாடு காந்தலூர், என் நாடு வடகரப்பதி. கம்ப்யூட்டர் ஆண்ட எதிரி நாடுகள் கொழிஞ்சாம்பாறையும் பெருமாட்டியும். இரண்டு நாடுகள் கூட்டுச் சேர்வதற்கு அந்த விளையாட்டில் உள்ள சொல் 'அலையன்ஸ்'.

வீட்டிலும் அந்தச் சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வரன் பார்த்துக் களைத்துப்போயிருந்தார்கள். வந்த அலையன்ஸில் ஒன்றுக்கு ஜாதகம் சேராது, ஒன்று அப்பாவுக்குப் பிடிக்காது, ஒன்று அக்காவுக்கே பிடிக்காது. கடைசியில் ஒன்று பெருமாட்டியிலிருந்து வந்தது. அக்கா மற்ற மாப்பிள்ளைகளின் போட்டோவையெல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இந்தப் போட்டோ திரும்பி வரவில்லை. "டேய், இது அமையோணும்டா. நீ ஏதாச்சும் கோளாறு பண்ணி வெச்சிராத" என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. ஞாயிறன்று ராகு காலம் சாயங்காலத்தில். அது முடிந்து வருவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அது தொடங்குவதற்குள் வந்துவிட வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டுமே நியாயம்தான். அதனால் அவர்கள் வந்து இறங்கியபோது அப்பா இளநீர் வெட்டத் தோப்புக்குப் போயிருந்தார், அம்மா பக்கத்து வீட்டில் நல்ல டம்ளர் வாங்கப் போயிருந்தாள், அக்கா பின்கட்டில் தலை சீவிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வராந்தாவில் போட்டிருந்த பிளாஸ்டிக் சேர்களில் உட்கார்ந்தார்கள். அந்தச் சேர்களுக்கு நேர் பின்னால் என் ஜன்னல்.

"கார் கதவு சாத்துத மாதிரி கேக்குதுல. ஒங்க வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களா?" என்றான் முருகேசன் என் காதில். காந்தலூரில் இருந்தவனுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

"அது ரோட்டுல போற வண்டிடா. நீ பெருமாட்டிக்காரன நம்பாத. இத்தன நாளா கொழிஞ்சாம்பாறையோட அலையன்ஸ் பேசிட்டிருந்தான். அவிய வேண்டாம்னுட்டாங்க. அதான் இப்ப நம்மகிட்ட பல்லிளிச்சுட்டு வந்து நிக்கறான்."

"பொறவு எதுக்குல ஒத்துக்கிட்ட?"

"அவிய பூமிக்குத்தான்! நல்ல தண்ணி பாயற பூமி. இப்போதைக்குச் சிரிச்சுட்டே கை குடுப்போம். கெழவன் எத்தன நாளைக்கு இருப்பான்? அவன் போயிட்டா பையன்தான். பையனுக்கு மூளை வெறும் மூணு பாயிண்டு. அப்பறம் அலையன்ஸ முறிச்சுட்டு அத்தனையும் புடிச்சுக்கலாம்."

(ராஜாவுக்கும் வாரிசுக்கும் பத்துக்கு இத்தனை என்று அந்த விளையாட்டில் அறிவுக்குப் பாயிண்ட் உண்டு. இதை ஜன்னலுக்கு வெளியே யாரும் விளக்கிச் சொல்லவில்லை.)

மாப்பிள்ளையின் அப்பா அப்போதே எழுந்துவிட்டாராம். "சித்த இருங்க, முழுசாக் கேட்டுட்டுப் போலாம்" என்று அவர் மனைவிதான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் கொழிஞ்சாம்பாறையில் உண்மையிலேயே ஒரு பெண் பார்த்து, அது தட்டிப்போயிருந்தது. வெளியில் ஒருவரிடமும் சொல்லாத சங்கதி.

அப்பா இளநீர்க் குலையோடு வாசலுக்கு வந்தபோது அவர்கள் கார் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

"கெழவன் தானாப் போறதுக்குள்ள நாங்களே போயிக்கறமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. அப்பாவுக்கு அது சண்டை என்றே புரியவில்லை. "இளநி குடிச்சுட்டுப் போலாமுங்க" என்று அகலமாகச் சிரித்தார்.

என் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கியது அக்கா. தலையில் பாதிப் பூ வைத்திருந்தாள், மீதி கையில் இருந்தது. "யாரோட அலையன்ஸடா முறிக்கறே?" என்றாள். கத்தவில்லை. கண் நிறைந்திருந்தது. எனக்கு அந்த நிமிஷம் வெட்கமெல்லாம் வரவில்லை, பயம்தான் வந்தது.

லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். சார்ஜர் ஒயர் பின்னால் வாலாக வந்தது.

"மாமா, இது விளையாட்டுங்க மாமா!"

"கலியாணம் உங்களுக்கு வெளையாட்டுங்களா?" என்றார் அவர், காரில் ஏறி உட்கார்ந்தபடி.

பேசிப் பயனில்லை என்று திரையை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். நான் பாதியில் விட்டு வந்த விளையாட்டு அதற்குள் தன் வேலையைப் பார்த்திருந்தது. பெருமாட்டியின் எண் ரத்தச் சிவப்பு. அதன் கீழே, பெருமாட்டி வடகரப்பதி மீது போர் அறிவித்துவிட்டது என்று செய்தி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"செரியாத்தான் போட்டிருக்குது" என்றார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "கொழிஞ்சாம்பாறைய எதுக்குங் மச்சான் இத்தன பச்சையா வெச்சிருக்கறீங்க? அதான் எங்காளு கோவிச்சுட்டான்."

அவரும் இதே விளையாட்டில் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மற்றவர்களுக்கு உறைத்தது வேறு சொல். அப்பா குலையைக் கீழே வைத்தார். ஜன்னலில் அக்கா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"மச்சான்னு கூப்புட்டுட்டானுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரிடம். "ராகு காலமும் பொறந்திருச்சு. இனிப் பொறப்பட முடியாது. எறங்குங்க."

அவர் இறங்கினார். ராகு காலம் முழுவதும் அலையன்ஸ் என்றால் என்னென்ன அர்த்தம் என்று நான் அவருக்கு விளக்கினேன். இரண்டு இளநீர் குடித்தார், சமாதானமானதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

போன மாதம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு முதல் போன் அக்காவின் மாமனாரிடமிருந்துதான். "ஏனுங் மாப்ள, வாரிசு வந்தாச்சுங்க. பாயிண்டு எத்தனைன்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க."

போனேன். பெண் குழந்தை. முறைத்துப் பார்த்தது. "பத்துக்குப் பத்துங்க மாமா" என்றேன்.

"அப்பனுக்கு மூணுன்னீங்க. புள்ளைக்கு எப்படிங்க பத்தாச்சு?"

"அம்மா பக்கமுங்க."

அத்தானும் அவருடைய அம்மாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள், சிரித்தால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தும், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.