நல்லம்மாவின் குழாயும் முருங்கையிலைச் சொதியும்

பாலையூற்று,
வெள்ளிக்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த தவராசா மச்சானுக்கு,

கட்டைபறிச்சானில் நீங்களும் வயலும் மாடுகளும் சுகமென்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வான் பிடித்து வந்து உங்கள் தங்கச்சி நல்லம்மாவைக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னீர்கள். "உமக்கு ஏலாது" என்று மூன்று தரம் சொன்னீர்கள். டெலிபோனில் என்னைக் கதைக்க விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து வர வேண்டாம். எனக்கு ஏலும்.

பக்கவாதத்தால் பேசவும் விழுங்கவும் முடியாமல் போய், நல்லம்மாவின் வயிற்றில் உணவுக் குழாய் வைத்து ஆறு மாதம். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கப்பல்களுக்குக் குழாயால் தண்ணீர் கொடுத்தவன் நான், பென்சில் தடிப்புக் குழாய் என்னை என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன். போன செவ்வாய் அவளுடைய பிறந்தநாள். எந்த நாளும் பால்மாதானே, பாவம் என்று, அவளுக்குப் பிடித்த முருங்கையிலைச் சொதி வைத்து, வேட்டித் துணியில் வடித்தேன். இடக்கையால் சிலேட்டில் "வேண்டாம்" என்று எழுதிக் காட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, சொதியைக் குழாயில் ஊற்றினேன், பாதியில் அடைத்துக்கொண்டது. ருசி நாக்கில்தான் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. பழைய பழக்கத்தில் அடைப்பைக் குத்தி எடுக்கச் சைக்கிள் கம்பியைக் கழுவி எடுத்துக்கொண்டு வர, நல்ல காலம், பக்கத்து வளவுத் தாதி ஷாமிலா வந்து நின்றாள்.

"ஐயா, கம்பியக் கீழ வையுங்க! இது கப்பல் பைப் இல்ல, மனுசர்ட வயிறு!"

அந்தப் பிள்ளை இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊசிக்குழலால் மெல்லத் தள்ளி, மெல்ல இழுத்து, அரை மணித்தியாலம் பொறுமையாயிருந்து அடைப்பை எடுத்தது. எனக்குக் கதிரைக்குக் கீழே ஒளிக்கலாம் போலிருந்தது. இப்போது சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விடுகிறேன், டொக்டர் தூளாக்கச் சொன்ன குளிசைகளை நன்றாகக் கரைக்கிறேன், கொடுத்தபின் ஒரு மணித்தியாலம் தலையை உயர்த்தி வைக்கிறேன். குழாயடியில் தோல் சிவந்தது மட்டும் என் குற்றமில்லை மச்சான். கோயில் திருநீற்றை அங்கே அப்பியது நீங்கள். கழுவித் துடைத்துக் காயவைத்து ஆற்றியது நான். குழாய் கழன்றால் ஓட்டை சில மணித்தியாலத்தில் மூடத் தொடங்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் ஷாமிலா சொன்ன நாள் தொட்டு, கட்டிலடியில் கதிரையில் இருந்தபடிதான் கண்ணயர்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். அவளைக் கொண்டுபோனால் இந்த வீட்டில் நான் யாருக்குத் தண்ணீர் விடுவது?

உங்கள் வயலில் மழை பெய்யவும் உங்கள் கோபம் ஆறவும் வேண்டும்,
மச்சான் குலசிங்கம்.

பி.கு.: கடிதத்தை நல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பக்க வாயால் சிரித்தாள். பிறகு சிலேட்டை மூன்று தரம் அழித்து அழித்து எழுதினாள். அப்படியே தருகிறேன்: "அண்ணா, ஞாயிறு வாங்கோ. என்னை இல்லை, இவரைக் கொண்டுபோங்கோ. ஆறு மாசமா மனுசன் நீட்டி நிமிந்து படுக்கேல்லை. ஷாமிலா லீவு போட்டு என்னோட நிக்கிறாவாம். ரெண்டு நாள்தான். கட்டாயம் திருப்பித் தாங்கோ."

வானில் என் கதிரைக்கும் இடம் வையுங்கள் மச்சான். கட்டிலில் எனக்கு இனி நித்திரை வராது.